பழைய கணக்கைத் தீர்க்கப் போனவர்கள்: ‘ஃபார்கோ’ தொடர் காட்டும் சாதாரண மனிதர்கள்

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மூக்கு உடைந்த ஒருவர் காத்திருக்கிறார். பெயர் லெஸ்டர் நைகார்ட். காப்புறுதி விற்பது அவர் வேலை. பள்ளியில் படித்த காலத்தில் தன்னை அடித்துத் துன்புறுத்திய ஒருவனை அன்று தெருவில் எதிர்பாராமல் சந்தித்தார். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அவன் மாறவில்லை. தன் இரண்டு மகன்களும் பார்த்துச் சிரிக்க, லெஸ்டரை மறுபடியும் அவமானப்படுத்தி அனுப்பினான்.

பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். கதையைப் பொறுமையாகக் கேட்டவன், “அவனைக் கொன்றுவிடட்டுமா?” என்று தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் கேட்கிறான். லெஸ்டர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். தெருவில் அவமானப்படுத்தியவன் கொல்லப்படுகிறான்.

அமெரிக்காவின் எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் 2014 ஏப்ரலில் தொடங்கிய ‘ஃபார்கோ’ தொடரின் முதல் அத்தியாயத்தில் வரும் காட்சி இது. இதுவரை 5 சீசன்கள், 51 அத்தியாயங்கள் வந்துள்ளன. கொலை, கடத்தல், கொள்ளை என்று குற்றங்கள் நிறைந்த தொடர்தான். ஆனாலும் முழுவதையும் பார்த்து முடித்த ஒருவரின் மனதில் கடைசியில் நிற்பது துப்பாக்கிச் சத்தம் அல்ல. ‘இந்த உலகம் எனக்குக் கடன்பட்டிருக்கிறது’ என்று மனதுக்குள் கணக்கு எழுதி வைத்திருக்கும் சாதாரண மனிதன் எவ்வளவு ஆபத்தானவன் என்ற எண்ணமே நிற்கிறது.

(கதையின் திருப்பங்களும் முடிவுகளும் இக்கட்டுரையில் இடம்பெறுகின்றன. தொடரை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று இருப்பவர்கள் கவனத்தில் கொள்ளவும்.)

திரைப்படத்தில் பிறந்த தொடர்

‘ஃபார்கோ’ முதலில் ஒரு திரைப்படம். ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் சகோதரர்கள் உருவாக்கி 1996-இல் வெளிவந்தது. கடனில் சிக்கிய கார் விற்பனையாளர் ஒருவர், பணக்கார மாமனாரிடம் பணம் பறிப்பதற்காகத் தன் மனைவியைத் தானே ஆள் வைத்துக் கடத்துகிறார். யாருக்கும் காயம் படாமல் முடிந்துவிடும் என்று நினைத்த திட்டம், ஒன்றன்பின் ஒன்றாகக் கொலைகளில் போய் முடிகிறது. வழக்கை விசாரிப்பவர் ஏழு மாதக் கர்ப்பிணியான காவல் தலைமை அதிகாரி மார்ஜ். அந்த வேடத்தில் நடித்த பிரான்சஸ் மெக்டார்மண்டுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது. அசல் திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதையும் படம் பெற்றது.

ஃபார்கோ என்பது வட டக்கோட்டா மாநிலத்திலுள்ள ஒரு நகரம். வேடிக்கை என்னவென்றால், படத்தின் தொடக்கக் காட்சி மட்டுமே அந்த ஊரில் நடக்கிறது. மற்றவை பெரும்பாலும் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் நடக்கின்றன. ஆனாலும் அந்த நகரம் படத்தைச் சொந்தம் கொண்டாடுகிறது. படத்தில் பிணத்தை மறைக்கப் பயன்பட்ட, மரக்கிளைகளை அரைத்துத் தள்ளும் இயந்திரம் இன்று அங்குள்ள சுற்றுப்பயணிகள் தகவல் மையத்தில் வைக்கப்பட்டுள்ளது. வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் படத்தின் உலகத்தை எடுத்துக்கொண்டு, புதிய கதைகளோடு தொலைக்காட்சித் தொடராக வளர்த்தவர் எழுத்தாளர் நோவா ஹாவ்லி. கோயன் சகோதரர்களின் பெயர்கள் தயாரிப்பாளர்கள் வரிசையில் உண்டு. முதல் சீசனே 2014-இல் சிறந்த குறுந்தொடருக்கான எம்மி விருதை வென்றது.

ஒவ்வொரு சீசனும் ஒரு தனிக்கதை

‘ஆந்தாலஜி’ என்று அழைக்கப்படும் தொகுப்புத் தொடர் வகையைச் சேர்ந்தது இது. ஒரு சீசனில் தொடங்கும் கதை அதே சீசனில் முடிந்துவிடும். அடுத்த சீசனில் வேறு ஆண்டு, வேறு ஊர், வேறு நடிகர்கள். முதல் சீசன் 2006-இல் பெமிட்ஜி என்ற சிற்றூரில் நடக்கிறது. இரண்டாவது 1979-க்குப் பின்னோக்கிப் போகிறது. மூன்றாவது 2010, நான்காவது 1950, ஐந்தாவது 2019. நான்காவது மட்டும் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டிக்கு இடம் மாறுகிறது.

ஆகவே முதலிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தச் சீசனிலும் நுழையலாம். ஆனால் வரிசையாகப் பார்ப்பவருக்குச் சில மறைந்த முடிச்சுகள் புலப்படும். திரைப்படத்தில் பனிக்குள் புதைக்கப்பட்ட பணப்பெட்டியை முதல் சீசனில் ஒருவர் கண்டெடுக்கிறார். முதல் சீசனில் உணவகம் நடத்தும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் லூ, 1979-இல் தான் கண்ட ஒரு பயங்கரத்தைப் பற்றிப் பேசுகிறார். அது என்ன என்பதுதான் இரண்டாவது சீசனின் கதை. இரண்டாவது சீசனில் வரும் மைக் மில்லிகன் என்ற அடியாளின் சிறுவயதுக் கதை நான்காவதில் இருக்கிறது.

‘உண்மைக் கதை’ என்ற பொய்

ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே அறிவிப்போடு தொடங்குகிறது. இது உண்மைக் கதை என்றும், உயிர் பிழைத்தவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன என்றும், இறந்தவர்களுக்கு மரியாதை செலுத்தும் வகையில் மற்றவை நடந்தபடியே சொல்லப்படுகின்றன என்றும் எழுத்துகள் திரையில் தோன்றும்.

அத்தனையும் பொய். திரைப்படத்திலும் இதே அறிவிப்பு இருந்தது. அதே படத்தின் இறுதியில், இதில் வருவோர் யாவரும் கற்பனை மாந்தர் என்ற வழக்கமான வரியும் இருந்தது. முதல் அறிவிப்பை நம்பியவர்கள் பலர், கடைசி வரியைக் கவனித்தவர்கள் சிலர்.

இந்தப் பொய்க்கு ஒரு வேலை இருக்கிறது. கற்பனை என்று தெரிந்தால் பார்ப்பவர் ‘இப்படியெல்லாம் நடக்குமா?’ என்று தள்ளி நிற்பார். உண்மை என்று நம்பிவிட்டால் அதே சம்பவத்தைப் பார்த்து, ‘மனிதர்கள் இப்படியும் இருப்பார்களா!’ என்று நெருங்கி வருவார். நம்ப முடியாத தற்செயல்களைக்கூட ஏற்றுக்கொள்வார்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. படம் வந்த சில ஆண்டுகளில் மினசோட்டாவில் ஒரு ஜப்பானியப் பெண் இறந்து கிடந்தார். படத்தில் புதைக்கப்பட்ட பணத்தை உண்மை என்று நம்பித் தேடி வந்தவர் என்று செய்தி பரவியது. அவர் பேசியதைப் போலீசார் சரியாகப் புரிந்துகொள்ளாததால் கிளம்பிய வதந்தி அது. ஆழ்ந்த மனத்துயரில் இருந்த ஒரு பெண் என்பதே பின்னர் தெரிய வந்த உண்மை. ஆனாலும் வதந்திதான் உலகம் சுற்றியது; அதை வைத்து 2014-இல் ‘குமிகோ’ என்ற பெண்ணைப் பற்றிய தனிப்படமே வந்தது. ‘உண்மைக் கதை’ என்ற இரண்டு சொற்களை மக்கள் எவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட வருத்தமான சான்று வேண்டியதில்லை. புலனத்தில் வரும் ஒவ்வொரு தகவலையும் உடனே மற்றவர்களுக்கு அனுப்பிவிடும் இந்தக் காலத்தில் யோசிக்க வேண்டிய சம்பவம் இது.

கொலையைப் பார்த்துச் சிரிக்கலாமா?

‘டார்க் காமெடி’ என்றால் கொலையைக் கேலி செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் தொடரில் சிரிப்பு வருவது வேறு இடத்தில். பயங்கரமான ஒன்றைச் செய்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் அன்றாட வேலையைத் தொடரும் மனிதனின் முகத்தைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது.

இரண்டாவது சீசனில் சலூனில் வேலை செய்யும் பெக்கி, இரவில் கார் ஓட்டி வரும்போது சாலையில் நின்ற ஒருவன்மேல் மோதிவிடுகிறார். அந்த ஆள் காரின் முன்கண்ணாடியில் சிக்கிக்கொள்கிறான். பெக்கி மருத்துவமனைக்கும் போகவில்லை, போலீசுக்கும் போகவில்லை. கண்ணாடியில் ஆள் சிக்கியபடியே காரை வீட்டுக்கு ஓட்டி வந்து நிறுத்துகிறார். பிறகு சமைத்துக் கணவருக்கு இரவுச் சாப்பாடு பரிமாறுகிறார். கணவர் எட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கார் கொட்டகையில் சத்தம் கேட்கிறது. சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வரும் இடம் அது.

முதல் சீசனில் இன்னொரு காட்சி. கொலைகாரன் மால்வோ ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து கும்பல் ஒன்றை முழுதாகச் சுட்டுத் தள்ளுகிறான். கேமரா உள்ளே போவதே இல்லை. வெளியே நின்றபடி, ஜன்னல் ஜன்னலாக மேலே நகர்கிறது. கதறலும் துப்பாக்கிச் சத்தமும் மட்டும் காதில் விழுகின்றன. எதிரே காரில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகளோ தங்களுக்குள் அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்பவர் சிரிப்பது கொலையைப் பார்த்து அல்ல. கண்ணெதிரே நடப்பதைக் கவனிக்காத பொறுப்பைப் பார்த்து.

இந்த நகைச்சுவைக்கு ஊரின் குணமும் உதவுகிறது. மினசோட்டா மக்களின் அடக்கமும் பணிவும் அமெரிக்காவில் பேர்போனவை. யார் மனமும் நோகக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, கோபம் வந்தாலும் புன்னகைக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். ‘மினசோட்டா நைஸ்’ என்று அதற்குப் பெயரே உண்டு. ஐந்தாவது சீசன் அந்தச் சொல்லின் பொருளை எழுத்தில் காட்டிவிட்டு, உடனே ஒரு பள்ளிக் கூட்டத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்வதைக் காட்டுகிறது. வெளியே பனியின் வெண்மை, உள்ளே அடக்கி வைத்த கொதிப்பு. ஐந்து சீசன்களும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கின்றன.

ஐந்து கதை, ஒரே கணக்கு

தமிழில் பழிவாங்குவதைக் ‘கணக்குத் தீர்ப்பது’ என்று சொல்வதுண்டு. ‘ஃபார்கோ’வின் ஐந்து சீசன்களையும் இந்த ஒரு சொல்லால் கோத்துவிடலாம்.

லெஸ்டரின் கணக்கில் அவமானங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பள்ளியில் வாங்கிய அடி, வெற்றிகரமான தம்பியோடு ஒப்பிட்டுப் பேசும் மனைவி, சரிசெய்ய முடியாத வாஷிங் மெஷின். அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. எல்லா மீன்களும் ஒரு பக்கம் நீந்த, ஒரே ஒரு மீன் எதிர்ப்பக்கம் நீந்துகிறது. ‘நீ சரியாகவும் மற்றவர்கள் தவறாகவும் இருந்தால்?’ என்ற பொருளில் ஒரு வாசகம் அதில் இருக்கிறது. அந்தப் படத்துக்கு அருகில்தான் அவர் சுத்தியலை எடுத்து மனைவியை அடிக்கிறார். அதன்பின் பழியைச் சொந்தத் தம்பிமேல் போடுகிறார். அதற்காக, தம்பியின் சின்ன மகனுடைய பள்ளிப் பையில் துப்பாக்கியை வைக்கவும் தயங்கவில்லை. கடைசியில் தன் உயிருக்கு ஆபத்து வந்தபோது, தன்னை நம்பி மணந்த இரண்டாவது மனைவிக்குத் தன் மேல்கோட்டைப் போட்டு முன்னால் அனுப்புகிறார்.

மால்வோ பேய் மாதிரி வருகிறான். பேய் மாதிரியே கொல்கிறான். பில்லி பாப் தார்ன்டன் அந்த வேடத்தில் உறைய வைக்கிறார். ஆனால் பார்ப்பவரை அதிகம் பயமுறுத்துவது மார்ட்டின் ஃப்ரீமேன் நடித்த லெஸ்டர்தான். ஏனென்றால் மால்வோவை நிஜ வாழ்க்கையில் சந்தித்தவர்கள் குறைவு. லெஸ்டரைச் சந்திக்காதவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் வணக்கம் சொல்லிச் சிரிப்பவர், எதிர்த்துப் பேசாதவர், ‘பாவம், நல்ல மனிதர்’ என்று பெயர் எடுத்தவர். வாய்ப்புக் கிடைக்காததால் மட்டுமே ஒருவர் நல்லவராக இருந்திருந்தால், வாய்ப்புக் கிடைத்ததும் என்ன ஆகும் என்பதே முதல் சீசனின் கேள்வி.

பெக்கியின் கணக்கு வேறு. தன்னை மேம்படுத்திக்கொள்ளும் பயிற்சிக்குப் போக வேண்டும், இந்தச் சின்ன ஊரைத் தாண்டி வேறொரு வாழ்க்கை வேண்டும் என்பது அவர் ஆசை. கணவர் எட் வேலை செய்யும் இறைச்சிக் கடையையே சொந்தமாக வாங்கிக் குடும்பம் நடத்த ஆசைப்படுகிறார். இரண்டு ஆசையும் தவறல்ல. ஆனால் விபத்தை மறைக்கத் தொடங்கியதும், அந்த ஊரும் பக்கத்து மாநிலமும் பிணக்காடாகும் அளவுக்கு விளைவு போகிறது.

மூன்றாவது சீசனில் அண்ணன் தம்பிச் சண்டை. தந்தை விட்டுச்சென்ற சொத்தில் ஒருவருக்குப் பழைய அஞ்சல்தலைகள், மற்றவருக்குக் கார். அஞ்சல்தலைகளை எடுத்த எம்மிட் கார் நிறுத்துமிடங்களின் அதிபராகிறார். காரை எடுத்த ரே, பரோலில் வந்தவர்களைக் கண்காணிக்கும் சாதாரண அதிகாரியாகக் கடனில் தவிக்கிறார். இருவருமே ஈவன் மெக்ரெகர் நடித்த வேடங்கள். அண்ணன் தன்னை ஏமாற்றிவிட்டார் என்பது ரேயின் கணக்கு. மிஞ்சியிருப்பது சட்டமிட்டு மாட்டிய ஒரே ஓர் அஞ்சல்தலை. கடைசியில் எம்மிட் மனம் இறங்கி அதைக் கொண்டுவந்து நீட்டுகிறார். ரே வேண்டாம் என்று தள்ளுகிறார். இவர் நீட்ட, அவர் தள்ள, கண்ணாடி உடைந்து ரேயின் கழுத்தில் பாய்கிறது. ஆண்டுக்கணக்கில் சண்டை போட்ட பொருளைக் கொடுக்கும்போதே தம்பி சாகிறார். சொத்துத் தகராறில் உறவு முறிந்த குடும்பங்களுக்கு இந்தக் காட்சி எளிதில் மறக்காது.

அதே கதையில் வார்கா என்ற ஆசாமி எம்மிட்டின் நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறான். திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மறுக்கிறான். அது கடன் அல்ல, முதலீடு என்கிறான். அன்று முதல் நிறுவனம் அவன் கைக்குள் போகிறது. அவசரத்துக்கு எங்கிருந்தோ வந்த பணம் எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பதை டேவிட் தியூலிஸ் அருவருப்பும் அச்சமும் கலந்து நடித்துக் காட்டுகிறார்.

நான்காவது சீசனில் கணக்கு இன்னும் கொடியது. கன்சாஸ் சிட்டியில் இரண்டு குற்றக் கும்பல்கள் சமாதானத்துக்கு ஈடாகத் தங்கள் கடைசி மகன்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கின்றன. பெரியவர்களின் பேரத்துக்குச் சிறுவர்கள் அடமானம்.

குற்றத்தைத் தடுப்பவர் யார்?

இத்தனை இருட்டையும் தாங்கிப் பார்க்க வைப்பது தொடரின் நல்ல மனிதர்கள். அவர்கள் பறந்து பறந்து அடிக்கும் நாயகர்கள் இல்லை. முதல் சீசனில் ஆலிசன் டால்மன் நடித்த மாலி ஒரு சிற்றூர்ப் போலீஸ் அதிகாரி. லெஸ்டர் சொல்வதில் எங்கோ இடிக்கிறது என்று முதல் நாளே புரிந்துகொள்கிறார். புதிய மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. லெஸ்டர் அவருடைய பள்ளித் தோழர். அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை என்று அடம்பிடிக்கிறார். மாலி கத்தவில்லை, வேலையை விடவும் இல்லை. தெரிந்த தகவல்களைப் பலகையில் ஒட்டி வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் போய்க் கேட்கிறார்.

இன்னொருவர் கஸ். இரவில் மால்வோவின் காரை நிறுத்திவிட்டு, அவன் மிரட்டியதும் பயந்து போக விட்டுவிடும் போலீஸ்காரர். தாயில்லாத மகளைத் தனியாக வளர்ப்பவர். அந்தப் பயத்துக்கு அவர் வெட்கப்படுகிறார். பிறகு அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். போலீஸ் வேலையை விட்டு அஞ்சல்காரர் ஆகிறார். கடைசியில் மால்வோவை முடிப்பவரும் அவரே. லெஸ்டரும் கஸ்ஸும் இருவருமே பயந்தவர்கள்தான். ஒருவர் தன் பயத்துக்கு மற்றவர்களை விலை கொடுக்க வைத்தார். மற்றவர் தானே விலை கொடுத்தார். தொடர் இந்த வேறுபாட்டை எங்கும் பிரசங்கம் செய்யாமல் காட்டிவிடுகிறது.

இரண்டாவது சீசனில் லூவின் மனைவி பெட்ஸிக்குப் புற்றுநோய். பனியில் விழுந்து கிடந்த துப்பாக்கியைக் கண்டெடுப்பவரும், கார் மோதிய விபத்தாக இருக்கலாம் என்று முதலில் ஊகிப்பவரும் அவர்தான். வியட்நாம் போரைப் பார்த்துத் திரும்பிய லூ, குடும்பத்தைக் காப்பது ஒருவர் சுமக்கும் பாரம் போலத் தெரிந்தாலும் உண்மையில் அது கிடைத்தற்கரிய பேறு என்ற பொருளில் ஓரிடத்தில் பேசுவார். உலகம் தனக்கு என்ன தர வேண்டும் என்று கணக்குப் போட்ட பெக்கியிடமே அதைச் சொல்கிறார்.

கடன் தள்ளுபடி

2023 நவம்பர் முதல் 2024 ஜனவரி வரை ஒளிபரப்பான ஐந்தாவது சீசன், இந்தக் கணக்கு விஷயத்தை நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஜுனோ டெம்பிள் நடித்த டாட் ஒரு சாதாரண இல்லத்தரசி. பள்ளிக் கூட்டத்துச் சண்டையில் கைதாகி அவர் கைரேகை பதிவானதும், அவர் பல ஆண்டுகளுக்கு முன் தப்பி ஓடிவந்த முதல் கணவருக்கு இருப்பிடம் தெரிந்துவிடுகிறது. அந்தக் கணவர் ராய், வட டக்கோட்டாவில் ஷெரிஃப். சட்டமே தான்தான் என்று நினைப்பவர். மனைவி தன் உடைமை என்பது அவர் கணக்கு. ஜான் ஹாம் அந்த வேடத்தில் வெறுப்பை அள்ளிக்கொள்கிறார்.

டாட்டின் இப்போதைய மாமியார் லொரெய்ன், கடன் வசூல் நிறுவனம் நடத்தும் கோடீஸ்வரி. வழக்கை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி இந்திரா, கணவர் வாங்கிக் குவித்த கடனில் மூழ்கியிருப்பவர். இந்த வேடத்தில் நடித்த ரிச்சா மூர்ஜானியைத் தமிழ்க் குடும்பங்கள் ஏற்கெனவே அறிந்திருக்கலாம். அமெரிக்கத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் தேவியின் உறவுப்பெண் கமலாவாக வந்தவர் அவர். காவல் அதிகாரி விட் ஃபாராக நடித்த லமோர்ன் மோரிஸ், 2024-இல் சிறந்த துணை நடிகருக்கான எம்மி விருதைப் பெற்றார்.

முடிவில் இரண்டு கணக்குகள் தீர்க்கப்படுகின்றன. சிறையில் இருக்கும் ராயைப் பார்க்க லொரெய்ன் வருகிறார். தன் பணபலத்தால் மற்றக் கைதிகளைத் தன் பக்கம் இழுத்து, ராயின் எஞ்சிய வாழ்நாளை நரகமாக்க ஏற்பாடு செய்துவிட்டதை நிதானமாகச் சொல்கிறார். பார்ப்பவருக்குத் திருப்தியாகத்தான் இருக்கிறது. கைதட்டத் தோன்றுகிறது.

அதோடு முடித்திருந்தால் நல்ல பழிவாங்கும் கதையாக நின்றிருக்கும். ஆனால் ஓராண்டு கழித்து டாட்டின் வீட்டுக்கு இன்னொருவன் வருகிறான். பெயர் மன்ச். முன்பு அவரைக் கடத்த வந்தவன். டாட் போராடியதில் காயம் பட்டவன். பல நூற்றாண்டுகளுக்கு முன் பசிக்கொடுமையால், இறந்த பணக்காரனின் பாவங்களை உணவாக உண்ட மனிதனாகவும் தொடர் அவனைக் காட்டியிருக்கிறது. பட்ட காயத்துக்குக் கணக்கு பாக்கி இருக்கிறது என்கிறான். டாட் துப்பாக்கியைத் தேடவில்லை. கடனை எதற்குக் கட்டியே தீர வேண்டும், தள்ளுபடி செய்யக் கூடாதா என்று கேட்கிறார். சமையல் நேரம், கைகழுவிவிட்டு வந்து உதவுங்கள் என்கிறார். கணவர், மகள், கொல்ல வந்தவன் எல்லாரும் சேர்ந்து மாவு பிசைகிறார்கள். அமெரிக்கர்கள் பிஸ்கட் என்று அழைக்கும் மெத்தென்ற ரொட்டி வேகிறது. அன்போடு செய்த உணவை உண்டால் மன்னிப்புக் கிடைக்கும் என்று டாட் சொல்ல, அவன் ஒரு துண்டை வாயில் வைக்கிறான். அந்த முகத்தில் சிரிப்பு மலர்கிறது. ஐந்து சீசன்களில் ஒருவர்கூடச் செய்யாத ஒன்றை ஓர் இல்லத்தரசி அடுப்படியில் செய்துவிடுகிறார். யாரும் தீர்க்காமலே ஒரு கணக்கு மூடப்படுகிறது.

மன்னிப்பு எல்லாருக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழலாம். டாட், தன்னை அடித்து வதைத்த ராயை மன்னித்து வீட்டுக்குள் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனிடமிருந்து தப்பினார், எதிர்த்து நின்றார், சட்டத்தின் முன் நிறுத்தினார். அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொள் என்று தொடர் எங்கும் சொல்லவில்லை. வேறொருவர் ஏவி வந்த, வறுமையால் கல்லாகிப் போன மனிதனுக்கே அவர் ரொட்டியை நீட்டுகிறார். இந்த இரண்டையும் குழப்பாமல் பிரித்துக் காட்டியதுதான் ஐந்தாவது சீசனின் பலம்.

குறைகள் இல்லாமல் இல்லை

எல்லாச் சீசனும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. நான்காவதில் பாத்திரங்கள் மிக அதிகம்; ஒருவரை அறிந்துகொள்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். மூன்றாவது நடுவில் தொய்கிறது. வில்லன்கள் எல்லாரும் நேராகப் பேசாமல் உவமைக் கதைகளாகவே பேசுவது ஒரு கட்டத்தில் சலிப்பூட்டும். இரண்டாவது சீசனில் திடீரென்று வானத்தில் பறக்கும் தட்டு தோன்றுவதைச் சிலர் ரசிப்பார்கள். சிலர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் போவார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் சீசனை எடுத்துக்கொள்வது நல்லது. பத்தே அத்தியாயங்கள், கதை தெளிவாகப் போகும். அது பிடித்திருந்தால் இரண்டாவது சீசன். நேரம் குறைவு என்பவர்கள் நேராக ஐந்தாவதுக்குப் போகலாம். பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்கும் தொடர் இது இல்லை. இரத்தமும் கொடுமையும் மறைக்காமல் காட்டப்படுகின்றன. ஐந்தாவது சீசனில் குடும்ப வன்முறைக் காட்சிகள் சிலருக்குப் பழைய காயங்களைக் கிளறிவிடக்கூடும்.

முதல் சீசனின் கடைசிக் காட்சியில் மாலியும் கஸ்ஸும் மகளும் ஒரே சோபாவில் போர்வைக்குள் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார்கள். மாலி நிறைமாதக் கர்ப்பிணி; இனி அவர்தான் அந்த ஊரின் காவல் தலைமை அதிகாரி. வெளியே பனி. லெஸ்டர் தப்பி ஓடும்போது உறைந்த ஏரியில் பனிக்கட்டி உடைந்து மூழ்கிவிட்டார். அவர் வீட்டிலும் இப்படி ஒரு சோபா இருந்தது. அதில் உட்கார்ந்து, தனக்கு யார் யார் என்னென்ன பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தார்.